இன்னும் ஒரே ஒரு ஆதாரம்

கட்டுரையின் முதல் பக்கம் தயார். தலைப்பு, பெயர், பெயருக்குப் பின்னால் பட்டங்கள், கீழே நன்றி என்று எல்லாம் அச்சாகி லேமினேஷனும் ஆகிவிட்டது. இரண்டாம் பக்கம் எழுதத்தான் இன்னும் ஒரே ஒரு ஆதாரம் வேண்டுமாம்.

எங்கள் தியாகதுருகம் அண்ணன் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதையும், சட்டைப்பையில் நாலு நிறத்தில் பேனா வைத்திருப்பார் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

தேடுவதில் அண்ணனைக் குறை சொல்ல முடியாது. கார்ஸ்டின் 1878-ல் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடு, பிரான்சிஸ் 1906-ல் தொகுத்த கெசட்டியர், ராபர்ட் ஆர்ம் எழுதிய போர் வரலாறு, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதி என்று எங்கள் மலைக்கோட்டையைப் பற்றி எவன் எங்கே ஒரு வரி எழுதியிருந்தாலும் அது என் மெஷினில் ஓடியிருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ராத்திரி பஸ் ஏறிப் போய்விட்டு, மறுநாள் சாயங்காலம் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வருவார். தொல்லை அதற்குப் பிறகுதான். அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

முதலில் மாவட்ட வாரியாக அடுக்கினார். ஊர் அப்போது தென்னார்க்காட்டில் இருந்தது, பச்சை ஃபைல். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. "நம்ம ஊரு இப்ப விழுப்புரம் தம்பி, பச்சையில கெடந்தா தப்பாயிடும்" என்று ஒவ்வொரு தாளாகக் கழற்றி நீல ஃபைலுக்கு மாற்றினார். மாற்றி முடிக்கவும் 2019 நவம்பர் 26 வரவும் சரியாக இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டதென்று எல்லாருக்கும் சந்தோஷம். அண்ணன் மட்டும் முகம் வாடி வந்து ஆரஞ்சு ஃபைல் ஒரு கட்டு கேட்டார்.

"மேஜர் பிரெஸ்டன் கோட்டையப் புடிச்சது 1761-ல. அன்னிக்கு அது எந்த மாவட்டமா இருந்தா என்னண்ணே?"

"அப்படிச் சொல்லாத தம்பி. நாளைக்குப் படிக்கிறவன் எங்க போய்த் தேடுவான்?"

எதைப் படிக்கிறவன் என்று நான் கேட்கவில்லை. ஆரஞ்சு ஃபைல் டஜன் கணக்கில் விற்கிற சரக்கு அல்ல.

அதற்கப்புறம் எழுத்துக்கூட்டல் வந்தது. வெள்ளைக்காரர்களில் ஒருவன் தியாகர் என்கிறான், ஒருவன் தியாகூர் என்கிறான், இன்னொருவன் தியாக துருக் என்கிறான். ஆளுக்கொரு ஃபைல். ஒரே தாளில் இரண்டு விதமாக வந்துவிட்டால் அந்தத் தாளுக்கு இரண்டு காப்பி. 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஹைதர் அலியின் படையுதவிக்காக இந்தக் கோட்டையை அவர் ஆட்களிடம் ஒப்படைத்தார்கள் இல்லையா, அந்த ஒரு சேதி பிரெஞ்சு ஃபைலிலும் இருக்க வேண்டும், மைசூர் ஃபைலிலும் இருக்க வேண்டும், 'கைமாறியவை' என்று புதிதாகத் திறந்திருக்கும் ஃபைலிலும் இருக்க வேண்டும். ஓரத்தில் கறுப்பு விழக்கூடாது. பேக் டு பேக் கூடாது. ஸ்பைரல் போட்டால் பிரித்து அடுக்க முடியாது, அதனால் ஓட்டை மட்டும். அந்த ஓட்டையும் எழுத்தைத் தொடக்கூடாது. பின்னால் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு நிற்கிறவர்கள் என்னை முறைப்பார்கள்.

என் மகன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கம்ப்யூட்டரில் ஸொட்டேரோ என்ற மென்பொருளைத் திறந்து காட்டினான். 2006-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறதாம். ஒரு புத்தகத்தின் விவரத்தை ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும், எத்தனை தலைப்பின் கீழ் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். காப்பி எடுக்க வேண்டாம், அடிக்குறிப்பும் அதுவே போட்டுக் கொடுக்கும். அண்ணன் கண்கொட்டாமல் பார்த்தார்.

"அருமையா இருக்கு தம்பி. இது அத்தனையும் பிரிண்ட் போட முடியுமா?"

போட்டோம். அதற்கும் ஒரு ஃபைல்.

இவ்வளவு சொன்னாலும், கல்லூரிப் பிள்ளைகள் வந்து கேட்கிறபோது அவரைப் பார்க்க வேண்டும். 1790-ல் திப்பு சுல்தான் வந்து மோதியபோது கோட்டையைக் காத்து நின்றது யார் என்று கேட்டால், பிள்ளைகள் போனை எடுப்பதற்குள், "கேப்டன் பிளின்ட். பத்து வருஷத்துக்கு முன்ன வந்தவாசியில ஹைதருக்கு அசையாம நின்னவனும் அவன்தான்" என்பார். பையிலிருந்து தாளையும் உருவி நீட்டுவார். காப்பி எடுத்த காசையும் தன் கணக்கிலேயே எழுதச் சொல்வார். அந்த நேரத்தில் அவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வராது.

கோபம் வருவது கல்வராயன் மலை ஃபைலைப் பார்க்கும்போது. மலையில் 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் காலம். அந்தக் காலத்து ரசீது, கைச்சீட்டு என்று மலையாளிப் பழங்குடியினர் சிலர் தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அண்ணன் மலையேறிப் போய், "ஜெராக்ஸ் எடுத்துட்டு ரெண்டு நாள்ல தந்துடறேம்மா" என்று ஒரு வீட்டிலிருந்து நாலு தாள் வாங்கிவந்தார். ஜெராக்ஸ் நான்தான் எடுத்தேன். காப்பி என்னவாயிற்றோ தெரியாது, அசலை ஓட்டை போட்டு நாடா கட்டிவிட்டார். அந்தம்மா வெள்ளிமலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, என் கடை வாசலில் நின்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அது அவருடைய நிலத்துக்கு உள்ள காகிதம்.

"குடுத்துடுங்கண்ணே" என்றேன்.

"எந்த ஃபைல்ல போச்சுன்னு தெரியல தம்பி. அடுக்கி முடிச்சதும் முதல் வேலை அதுதான்."

பிளின்ட்டை அரை நிமிஷத்தில் உருவி எடுத்தவர் சொல்கிற பதில் இது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவருக்கு என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது?

அதனால் உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பட்டாவோ ரசீதோ ஓலையோ இருந்து, அண்ணன் கேட்டு வந்தால், அசலை அவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்களும் கூடவே கடைக்கு வாருங்கள். உங்கள் கண்ணெதிரில் ஜெராக்ஸ் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, அசலை உங்களிடமே தருகிறேன். காசை அவர் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.