இன்ஸ்பெக்‌ஷன் நாளில் எல்லாப் போனும் வேகம்தான்

எந்த இரண்டு போன்களை வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, அவற்றின் சொந்தக்காரர்கள் ஒரே வீட்டில் பெண் எடுத்தவரும் அந்த வீட்டுப் பிள்ளையுமாக இருக்கக் கூடாது. என் மச்சான் வைத்திருப்பது சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா. என் சகலை வைத்திருப்பது ஐபோன் 15 புரோ மேக்ஸ். ஐபோன் 2023 செப்டம்பரில் 1,59,900 ரூபாய்க்கும், கேலக்ஸி 2024 ஜனவரியில் 1,29,999 ரூபாய்க்கும் இந்தியாவில் அறிமுகமாயின. என் போனின் விலையை இந்த வரிசையில் சேர்த்தால் கட்டுரையின் கௌரவம் கெட்டுவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வீட்டில் எந்த விசேஷமானாலும் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வரும்போது இவர்கள் பேச்சும் வந்துவிடும்.

“ஏ17 புரோ சிப், மாப்ளே. மூணு நானோமீட்டர். உன்னோடது நாலு” என்று சகலை ஆரம்பிப்பார்.

“ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3, பெரிய அத்தான். எஸ்24-லயும் பிளஸ்லயும் இங்க சாம்சங்கோட எக்ஸினோஸ்தான். அல்ட்ராவுக்கு மட்டும்தான் இது” என்பான் மச்சான்.

போன முறை என் மாமியார் குறுக்கே வந்து, ஒரு நானோமீட்டர் என்றால் எவ்வளவு என்று விசாரித்தார். ஒரு தலைமுடியின் தடிமனைச் சுமார் 80,000 கூறு போட்டால் அதில் ஒரு கூறு என்று மச்சான் விளக்கினான். “இத்துனூண்டுக்கா இத்தனை சத்தம்?” என்று கேட்டுவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார். இரண்டு சிப்புகளையும் செய்து கொடுப்பது தைவானில் இருக்கும் ஒரே டி.எஸ்.எம்.சி. கம்பெனிதான் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாத்திரம் பறந்திருக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேருக்கு நேர் மோதிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. யூடியூபில் இதற்கென்றே இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு போன்களிலும் ஒரே செயலிகளை ஒரே வரிசையில் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். முடித்த கையோடு இரண்டாம் சுற்று, அதே செயலிகளை மறுபடி திறக்க வேண்டும். முதல் சுற்றில் சிப்பின் வேகம் தெரியும், இரண்டாவதில் எதை எதை மறக்காமல் வைத்திருக்கிறது என்கிற நினைவாற்றல் தெரியும். போன்பஃப் என்ற சேனலில், மனித விரலின் வேகம் கணக்கில் கலந்துவிடக் கூடாது என்று இயந்திரக் கையை வைத்தே தட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் இயந்திரக் கை இல்லாததால் நடுவராக நான் நியமிக்கப்பட்டேன்.

போன்பஃப் சேனலின் புகழ்பெற்ற பந்தயம் ஒன்று 2016 ஆகஸ்டில் நடந்தது. அப்போதுதான் சுடச்சுட வந்திருந்த கேலக்ஸி நோட் 7-ஐ, ஒரு வயதான ஐபோன் 6எஸ் தோற்கடித்தது. நோட்டுக்கு 4 ஜி.பி. ரேம், 6எஸ்-க்கு வெறும் 2 ஜி.பி. சகலை இன்றுவரை இதைச் சொல்லிக் காட்டுகிறார். ஆனால் அந்த 6எஸ்-க்குள் இருந்த ஏ9 சிப்பை ஆப்பிளுக்காக இரண்டு கம்பெனிகள் பங்கு போட்டுச் செய்தன. ஒன்று டி.எஸ்.எம்.சி., இன்னொன்று சாம்சங்! ஜெயித்தவனுக்கும் சாம்சங் வீட்டுச் சாப்பாடுதான். இதைக் கண்டுபிடித்த அன்று மச்சான் எனக்கு நள்ளிரவில் போன் செய்தான். பாவம், நோட் 7-இன் கதை தோல்வியோடு முடியவில்லை. பேட்டரி தீப்பிடித்து, விமானங்களில் தடை வாங்கி, சந்தைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் உற்பத்தியே நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமை ராத்திரியே இருவரும் போனைத் தயார்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. மச்சான் போனை அணைத்துப் போட்டு, நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி, பின்னணியில் ஓடிய அத்தனை செயலிகளையும் தள்ளிவிட்டிருந்தான். போதாததற்கு, செட்டிங்ஸில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, அனிமேஷன் அளவுகளை ஒன்றிலிருந்து அரையாகக் குறைத்திருந்தான். ஆண்ட்ராய்டு ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வரும் ரகசியம் இது. ஒரு செயலியைத் தொட்டதும் அது சின்னதிலிருந்து பெரிதாக விரிகிறதே, அந்த அலங்காரத்துக்கு ஆகும் நேரத்தைத்தான் இது பாதியாக்குகிறது. சிப் ஒரு மயிரிழைகூட வேகமாவதில்லை. பார்க்கிறவருக்கு மட்டும் போன் பறக்கும்.

சகலை சளைத்தவரா? அவரும் ஐபோனில் அசைவுகளைக் குறைக்கும் ரெட்யூஸ் மோஷனைப் போட்டு வைத்திருந்தார். சூடு வெளியேற வசதியாக உறையைக் கழற்றியிருந்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிக்கூட இருந்தார். அவர் விலகினதைப் பார்த்துவிட்டு, ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது என்று பெரிய மாமா திருச்சியிலிருந்து சமாதானம் பேசக் கிளம்பிவிட்டார். அவரை விழுப்புரத்தோடு திருப்பி அனுப்பியது தனிக்கதை.

ஏ.சி. அறையில், மேஜையில், அருகருகே இரண்டு போன்கள். என் போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்தேன். அது திறக்கும்வரை இரு தரப்பும் பொறுமையாகக் காத்திருந்தது. முதல் சுற்றில் கேமரா, மேப், யூடியூப், ரயில் செயலி, ஒரு கார் பந்தய விளையாட்டு என்று வரிசையாகத் தட்டினார்கள். ஜெயித்தது யார் என்பதைவிட, ‘திறந்தது’ என்று எதைச் சொல்வது என்பதில்தான் சண்டை வந்தது. நிறுவனத்தின் சின்னம் திரையில் தெரிந்தாலே திறந்த மாதிரி என்றது ஒரு கட்சி. உள்ளே போய் விரலால் தள்ளினால் நகர வேண்டும், அதுவரை ஒப்புக்கொள்ள முடியாது என்றது இன்னொரு கட்சி. இரண்டாம் சுற்றில் கட்சிகள் அப்படியே இடம் மாறிக்கொண்டன. ஆளுக்கொரு சுற்று என்று நான் தீர்ப்பெழுதினேன். குடும்பத்தில் எனக்கு இன்னும் சாப்பாடு போட வேண்டுமே!

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். 0.1 நொடிக்குள் நடப்பது மனிதனுக்கு உடனே நடந்த மாதிரிதான் தோன்றும் என்று கணினிப் பயன்பாட்டு நிபுணர் யாக்கோப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார். இந்த இரண்டு போன்களின் திரையும் நொடிக்கு 120 முறை வரை புதுப்பித்துக்கொள்ளும். அதாவது ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே 0.0083 நொடி. கண்ணும் மூளையும் கைவிட்ட இடத்தில், இரண்டு ஆண்பிள்ளைகள் ரத்தக்கொதிப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களைப் பார்த்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும் நாள் ஞாபகம் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மூக்கு ஒழுகும் பையன்களைப் பின் பெஞ்சுக்குத் தள்ளி, ஆசிரியர் ரகசியமாக உத்தரவு போடுவார். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கையை, தெரியாதவன் இடது கையை. இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு வகுப்பு முழுக்க மேதைகள்.

கம்பெனிகளும் இந்த வகுப்பில் படித்தவைதான். 2013-இல் கேலக்ஸி எஸ்4 வந்தபோது, ஆனந்த்டெக் என்ற தளத்தார் அதைக் குடைந்து பார்த்தார்கள். அதன் எக்ஸினோஸ் மாடலில் கிராபிக்ஸ் பகுதி, சில வேகப் பரிசோதனைச் செயலிகள் ஓடும்போது மட்டும் 533 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. விளையாட்டுகளைப் போட்டால் 480-ஐத் தாண்டவில்லை. உள்ளே நோண்டினால், ‘பெஞ்ச்மார்க் பூஸ்டர்’ என்று பெயரே எழுதி வைத்திருந்தார்கள். திருடனுக்கு ‘திருடன்’ என்று பேட்ஜ் குத்தி அனுப்பிய முதல் தொழில்நுட்பம் இதுவாகத்தான் இருக்கும். சாம்சங் குற்றச்சாட்டை மறுத்தது. அமெரிக்காவில் இது வழக்காகி, தப்பை ஒப்புக்கொள்ளாமலே 2019-இல் 1.34 கோடி டாலருக்குச் சமரசமானது.

உடனே சகலை காலர் உயர்த்த வேண்டாம். ஆப்பிள் செய்தது இதற்கு நேர்மாறு. புதுப் போனில் கண்ணியமாக ஓடிவிட்டு, பேட்டரி கிழடானதும், மூச்சு வாங்கித் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்தது. காரணம் நியாயமானதுதான். வாங்கினவரிடம் தெளிவாகச் சொல்லாததுதான் கோளாறு. 2017 டிசம்பரில் கீக்பெஞ்ச் என்ற பரிசோதனைச் செயலியை நடத்தும் ஜான் பூல், பழைய ஐபோன்களின் மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டு வெளியிட்டார். இரண்டு நாளில் ஆப்பிள் உண்மையைச் சொன்னது. 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 29 டாலராகக் குறைத்தது. பேட்டரியை மாற்றிய போன்கள் பழைய இளமையோடு எழுந்து ஓடின. போன் கிழடாகிவிட்டது என்று நம்பிப் புதுசு வாங்கினவர்கள்தான் உட்கார்ந்துவிட்டார்கள்.

2022 மார்ச்சில் அதே கீக்பெஞ்ச், எஸ்10 முதல் எஸ்22 வரையான நான்கு வருடத்து கேலக்ஸி எஸ் வரிசையைத் தன் பட்டியலிலிருந்தே தூக்கியது. சூட்டைக் குறைக்க என்று வைத்திருந்த ஒரு சேவை, விளையாட்டுகளையும் வேறு பல செயலிகளையும் இழுத்துப் பிடித்துவிட்டு, பரிசோதனைச் செயலிகளுக்கு மட்டும் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தது. இடது கை, வலது கை!

எனக்குப் பிடித்த தீர்ப்பு இத்தாலியுடையது. 2018 அக்டோபரில் அந்த நாட்டுப் போட்டி ஆணையம், அப்டேட் என்ற பெயரில் பழைய போன்களை மந்தமாக்கிய குற்றத்துக்கு இருவரையும் ஒரே நாளில் பெஞ்சு மேல் ஏற்றியது. ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம், சாம்சங்குக்கு 50 லட்சம். இதை வாசித்துக் காட்டினபோது மச்சான் துள்ளினான்: “பாத்தீங்களா, எங்களுக்குப் பாதிதான்!” அபராதத்திலும் ஒப்பீடு.

ஆக, போனின் நிஜ வேகம் என்பது யாரும் பார்க்காதபோது அது ஓடுகிற வேகம். அதை ஏ.சி. அறையில் அளக்க முடியாது. போனுக்குள் பொதுவாகக் காற்றாடி கிடையாது. சிப்பில் பிறக்கும் சூடு, கண்ணாடி வழியாகவும் உலோகச் சட்டம் வழியாகவும் உங்கள் உள்ளங்கைக்குத்தான் வந்தாக வேண்டும். உள்ளங்கையே கொதித்தால் அது எங்கே போகும்? சிப் தன்னைத்தானே அடக்கிக்கொண்டு மெதுவாக ஓடும். எந்தக் கம்பெனிப் போனானாலும் இதே விதிதான். எனவே நேர்மையான பந்தயத்தை மே மாதம் மதியம் தாம்பரம் பஸ் நிலையத்தில், 17 சதவீதம் சார்ஜோடு, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையுமாக நடத்த வேண்டும். குடும்பக் குழுவில் ரோஜாப்பூக்களோடு காலை வணக்கங்கள் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியொரு பந்தயம் தானாகவே நடந்தது. தீர்ப்பு முடிந்து மூவரும் டீக்கடைக்குப் போனோம். காசு கொடுப்பதில் முந்திக்கொள்ள இருவரும் போனை எடுத்தார்கள். மச்சானின் விரலில் வடை எண்ணெய் இருந்ததால் ரேகை பதியவில்லை. சகலை கூலிங்கிளாஸைக் கழற்றாமல் போனைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக இரண்டும் திறந்து, க்யூ.ஆர். கோடைப் பிடித்து, ரகசிய எண்ணும் போட்டாயிற்று. அப்புறம் இரண்டு திரையிலும் ஒரே மாதிரி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு வங்கியின் சர்வர், எந்தப் போனிடமிருந்து கோரிக்கை வந்திருக்கிறது, அது எத்தனை நானோமீட்டர் என்றெல்லாம் விசாரிக்காமல் சமத்துவம் பேணியது. 2025 ஜூனில், யு.பி.ஐ.-யை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்பு சில வகைப் பதில்களுக்கான கெடுவை 30 நொடியிலிருந்து 15-ஆகவும் 10-ஆகவும் குறைத்திருக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு அடித்துக்கொண்டவர்கள், வட்டத்தை வாய் திறவாமல் பார்த்தபடி நின்றார்கள். டீக்கு நான்தான் சில்லறை கொடுத்தேன்.

போன் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கேட்டால் ஒன்று சொல்வேன். கடைக்காரர் மேஜையில் பளபளவென்று வைத்திருப்பதைத் தட்டிப் பார்க்காதீர்கள், அது சுண்ணாம்பு அடித்த சுவர். அதே மாடலை இரண்டு வருடம் புழங்கிய ஆசாமியைத் தேடிப் பிடித்து, அவர் போனை வாங்கிப் பாருங்கள். எஸ்24 வரிசைக்கு ஏழு வருடம் அப்டேட் தருவதாக சாம்சங்கே வாக்குக் கொடுத்திருக்கிறது. ஐபோன்களும் பல வருடம் அப்டேட் வாங்கித் தாக்குப்பிடிக்கிறவைதான்.

ஆனால் அப்படிப்பட்ட ஆசாமி கிடைப்பதுதான் கஷ்டம். போன வாரம் மச்சான் வந்திருந்தான். அல்ட்ராவைத் துடைத்து, பெட்டியில் வைத்து, பில்லோடு என்னிடம் நீட்டினான்.

“அத்தான், உங்களுக்குன்னா குறைச்சுத் தர்றேன். நல்ல வேகம், நீங்களே பாத்தீங்கல்ல?”

“எதுக்குடா விக்கிறே?”

“கொஞ்சம் ஸ்லோ ஆயிடுச்சு.”