சத்தியத்தை விடுங்கள், இரும்பைப் பாருங்கள்!

பிலிப்பைன்ஸின் பழைய வாள்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நெளிநெளியாக இருந்தால்தான் அது கிரிஸ் வாளா? (சேலம்)

இல்லவே இல்லை. தெற்கு பிலிப்பைன்ஸின் மோரோ மக்கள் செய்த கிரிஸ்களில் முழுக்க நேரானவை ஏராளம். பாதிவரை நெளிந்து, பிறகு நுனிவரை நேராகப் போகிறவையும் உண்டு. நெளிவை எண்ணுவதை விட்டுவிட்டுக் கைப்பிடியை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். அங்கே அலகு இருபுறமும் அகன்றிருக்கும். ஒரு பக்கம், சேகரிப்பாளர்கள் யானைத் துதிக்கை என்று சொல்லும் வளைந்த வெட்டு இருக்கும். கிரிஸ்ஸை அடையாளம் காட்டுவது அதுதான். ஜாவாவின் கெரிஸ் குத்துவதற்கான குறுவாள். மோரோ கிரிஸ் அதைவிடப் பெரிது, கனமானது, வெட்டுவதற்கு ஏற்றது.

கேள்வி: “முந்நூறு வருஷப் பழசு” என்று விற்பவர் சத்தியம் செய்கிறார். நம்பலாமா? (கோலாலம்பூர்)

சத்தியம் அவர் வாயில் இருக்கிறது. வயது அலகின் அடியில் இருக்கிறது. கைப்பிடிக்குச் சற்று மேலே குறுக்காக அமைந்த பகுதிக்குக் கங்யா என்று பெயர். பழைய கிரிஸ்களில் அதைத் தனித் துண்டாக அடித்து அலகோடு பொருத்தினார்கள். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, அந்தப் பொருத்துக் கோட்டைத் தேடுங்கள்.

கோடு ஓரத்திலிருந்து ஓரம்வரை ஏறக்குறைய நேராக ஓடினால் அது பழைய வகை. 18ஆம் நூற்றாண்டு, அல்லது அதற்கும் முன்பு என்று பேச இடமுண்டு. ஒரு முனையில் சாய்வாக மடங்கினால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு, அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பொருத்தே இல்லாமல் உளியால் கீறிய வரி மட்டும் தெரிந்தால் அது பிற்காலத்து வேலை. விதிவிலக்குகள் உண்டு என்பதால் இந்த ஒன்றை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அலகையும் பிடியையும் இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பட்டை ஒன்று இருக்கும், அசாங்-அசாங் என்பார்கள். அது உண்மையாகவே அலகைப் பிடித்திருக்கிறதா, ஒப்புக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் ஒத்துப்போனால் பேரத்தைத் தொடங்கலாம்.

கேள்வி: சுற்றுலாப் பயணிக்காகச் செய்த வாளைக் கண்டுபிடிக்கச் சுருக்கமாக ஒரு வழி? (ஈரோடு)

முதுகைத் தடவிப் பாருங்கள். மோரோக்களில் ஒரு பிரிவினரான, சூலு தீவுகளின் தவ்சுக் மக்களுடைய பரோங் வாள் இலை வடிவில் இருக்கும். நல்ல பரோங்கின் முதுகு பிடியருகே தடித்து, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அடியிலிருந்து நுனிவரை ஒரே கனத்தில் தகடு வெட்டியது போலிருந்தால், பதித்த சிப்பித் துண்டுகள் எவ்வளவு மினுங்கினாலும் அது சுவரில் மாட்டச் செய்ததுதான்.

கேள்வி: மெகல்லனைக் கொன்றது கம்பிலான் வாள்தானே? (தஞ்சாவூர்)

1521 ஏப்ரல் 27 அன்று மாக்டான் தீவின் கரையில் கடலோடி மெகல்லன் விழுந்ததை, அவரோடு பயணித்து உடனிருந்த பிகஃபெட்டா எழுதிவைத்திருக்கிறார். இடது காலில் பெரிய வெட்டுவாளால் வெட்டு விழுந்தது என்கிறார். அந்த வாளுக்கு உள்ளூர்ப் பெயர் எதையும் அவர் தரவில்லை. கம்பிலான் என்பது பின்னால் வந்தவர்களின் ஊகம். நீளமாக, நுனியை நோக்கி அகன்றுகொண்டே போய், பிளந்த வாய் போன்ற பிடியோடு நிற்கும் கம்பிலான் அந்த ஊகம் இல்லாமலே கம்பீரமானது.

கேள்வி: கம்பிலான் அலகில் உள்ள பித்தளைப் பொட்டுகள், வெட்டிய தலைகளின் கணக்கு என்கிறார்களே? (திருநெல்வேலி)

அலங்காரம். கொலைக்கணக்கு சொன்னால் விலை ஏறும் என்பதால் அந்தக் கதை சாகாமல் இருக்கிறது.

கேள்வி: துருப்பிடித்த அலகை எலுமிச்சையும் உப்புத்தாளும் போட்டுப் பளபளப்பாக்கலாமா? (மதுரை)

தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்கைத் துலக்குவது போல இதைத் துலக்கக் கூடாது. நல்ல மோரோ வாள்களில் இரும்பையும் எஃகையும் மடித்து, ஒன்றாக அடித்துச் சேர்த்திருப்பார்கள். கொல்லன் சம்மட்டியால் எழுதிய அந்த வரிகள் அலகின் மேற்பரப்பில்தான் தெரியும். உப்புத்தாள் அவற்றைச் சுரண்டி எடுத்துவிடும், போனது திரும்பாது. பருத்தித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, உதிரும் செந்துருவை மட்டும் துடைத்தெடுங்கள். கறுத்துப் படிந்த நிறத்தை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். இன்னொன்று: பிடிக்குள் அலகை மரப்பிசின் வைத்து நிறுத்தியிருப்பார்கள். பிடி ஆடுகிறதே என்று வெந்நீரில் முக்கி இழுத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: மோரோ வாள்களை விட்டால் வேறொன்றும் இல்லையா? (யாழ்ப்பாணம்)

எவ்வளவோ இருக்கிறது! வட லூசோன் மலைகளின் கலிங்கா மக்களுடைய தலைவெட்டுக் கோடரி, பதாங்காஸின் மடக்குக் கத்தியான பாலிசோங், பனாய் தீவின் வாளான தெனெக்ரே. எனக்குத் தெனெக்ரே மேல் தனிப் பிரியம். கொம்பில் செதுக்கிய விலங்குத் தலை பிடியாக நிற்கும். பலவற்றில் அலகின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் தீட்டப்பட்டிருக்கும். மோரோ வாள்களுக்குக் கிடைக்கும் மதிப்பில் பாதிகூட இதற்குக் கிடைப்பதில்லை; அது நியாயமில்லை. கையில் காசு குறைவென்றால் இங்கிருந்து தொடங்குங்கள். அதற்கும் முன்னால், அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தின் பிலிப்பைன்ஸ் ஆயுதங்கள் பற்றி ஹெர்பர்ட் கிரீகர் 1926இல் எழுதிய நூலையும், மோரோ வாள்கள் பற்றி ராபர்ட் காட்டோ 1996இல் எழுதியதையும் படியுங்கள்.

கேள்வி: ரத்தம் படிந்த பொருளைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பது சரியா? (சென்னை)

இதை எல்லாரும் கேட்க வேண்டும். பிலிப்பைன்ஸை அமெரிக்கா ஆண்டபோது, 1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புத் தாஹோ எரிமலை வாயில் தஞ்சம் புகுந்த நூற்றுக்கணக்கான தவ்சுக் மக்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, அமெரிக்கப் படை கொன்றது. 1913இல் அதே தீவின் புத் பக்சாக்கில் இன்னொரு பெரும் சாவு. இன்று அமெரிக்காவில் ஏலத்துக்கு வரும் மோரோ வாள்களில் பல, அந்த ஆண்டுகளில் சிப்பாய்களின் பெட்டியில் ஏறிப் போனவை. சமார் தீவின் பலாங்கிகாவில் அமெரிக்கப் படை 1901இல் எடுத்துப்போன தேவாலய மணிகள் 2018 டிசம்பரில் ஊர் திரும்பின. வாள்களுக்கும் அந்த நாள் வரலாம்.

அதனால் வாளோடு வரும் சிப்பாயின் கடிதம், பழைய சீட்டு, புகைப்படம் எதையும் பிரிக்காதீர்கள், தொலைக்காதீர்கள். எங்கே யாரிடமிருந்து எடுத்தது என்பதற்கு அதுவே சாட்சி. மோரோ மக்களின் மண்ணான மிந்தனாவோவிலிருந்தோ சூலுவிலிருந்தோ ஒருவர் வாளைப் பார்க்கக் கேட்டால் கதவைத் திறந்து காட்டுங்கள். இதைச் செய்ய மனமில்லாதவர் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: வெளிநாட்டு ஏலத்தில் எடுத்து இந்தியாவுக்கு வரவழைக்கலாமா? (கோயம்புத்தூர்)

முதலில் உரிமத்தை விசாரியுங்கள். ஆயுதச் சட்டம் 1959இன் 10ஆம் பிரிவு, ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவர உரிமம் கேட்கிறது. அடுத்தது பிடி. தாத்து எனப்படும் தலைவர்களின் வாள்கள் சிலவற்றில் யானைத் தந்தம் இருக்கும். தந்த வணிகத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. எலும்பென்றால் பூதக்கண்ணாடியில் பொடிப்பொடிக் கரும்புள்ளிகள் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். பணம் கட்டும் முன்பே, பிடி எதனால் ஆனது என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.