காக்கையாருக்கு வயது இருநூறு

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் ஒரு கல் நட்டான். 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று அதில் வெட்டியிருந்தது. சுற்றுவட்டாரத்திலாம்! வென்றவனுக்கே இடம் பிடிபடவில்லை. வன்னிக் காடென்றால் சும்மாவா?

கல் சொல்லாமல் விட்ட சங்கதியும் ஒன்றுண்டு. அதற்கு இரண்டு மாதம் முந்தி, ஓகஸ்ட் 25இல், முல்லைத்தீவுக்குப் பொறுப்பாக இருந்தவர் இதே ட்றிபேர்க்தான். பண்டாரவன்னியன் ஆட்களோடு வந்து இறங்க, கப்டன் வள்ளம் ஏறி யாழ்ப்பாணம் போய்விட்டார். அந்தக் கடற்கரையில் ஏன் ஒரு கல் நடவில்லை என்று கேட்கக்கூடாது. அந்த வருசமே அவர்களுக்குச் சனி பிடித்த வருசம். ஜூனில்தான் கண்டியில் மேஜர் டேவியின் படை அழிந்திருந்தது.

வன்னியர்மாரோடு மல்லுக்கட்டுவது ஒல்லாந்தனுக்கும் பழகின தலையிடிதான். திறையாக யானை தரவேணும் என்பது ஏற்பாடு. இவர்கள் தந்தால் தந்ததுதான். பாக்கி யானைகளின் கணக்கெழுதியே ஒல்லாந்தக் கிளாக்குமாரின் மை முடிந்திருக்கும். இப்போது யானை தானாகவே வயலுக்குள் வருகிறது, வாங்கத்தான் ஆளில்லை.

கல்லில் ‘தோற்கடித்தார்’ என்றுதான் இருந்தது, ‘கொன்றார்’ என்றில்லை. எங்கள் மேடைக்கு அது சரிவராது. ராசா அங்கேயே விழவேணும், விழமுதல் நீளமாக ஒரு வசனமும் பேசவேணும். சென்னையிலிருந்து கருணாநிதி எழுதிய ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ நாவலில் பெயருக்கே ஒரு ‘க’ கூடியிருக்கும்.

வீரன் சும்மா தோற்கலாமா? காட்டிக்கொடுக்க ஒருவன் வேணும். அதற்குத்தான் காக்கை வன்னியன். ஆனால் யாழ்ப்பாண வைபவமாலையைப் புரட்டினால், சங்கிலியனைப் பறங்கியிடம் பிடித்துக்கொடுத்தவனும் ஒரு காக்கை வன்னியன்! யாழ்ப்பாணம் விழுந்தது 1619இல். ஆக, மனுசன் 184 வருசம் சாகாமல் காத்திருந்து இன்னொரு தரம் காட்டிக்கொடுத்திருக்கிறான். இப்படி உழைக்கிற துரோகி வேறெந்த இனத்துக்கு வாய்த்திருக்கிறான்?

வவுனியாக் கச்சேரியடியில் பண்டாரவன்னியன் சிலையாக நிற்கிறார். போன கிழமை அவ்வழியால் போனபோது அவர் தலையில் ஒரு காகம் குந்தியிருந்தது. ஓட்டோக்காரர் கைகாட்டி, “பாருங்கோ அண்ணை, இன்னும் விட்டபாடில்லை” என்றார்.