மருமகன் ஹோட்டல் வைக்கப் போறான்

மருமகனே, பழைய வீட்டைப் புதுக்கி ‘ஹெரிடேஜ் ஹோட்டல்’ ஆக்கப் போறதாகக் கேள்விப்பட்டேன். கொள்ளாம், நல்ல காரியம். ஒரு ராத்திரிக்குப் பத்தாயிரம் ரூவா வாடகைன்னு கணக்கும் போட்டாச்சாம்லா? நான் பேச்சிப்பாறையிலே ரப்பர் பால் வெட்டிப் பிழைச்ச கிழவன். பத்தாயிரம் ரூவாய்க்கு எப்படி ஒறங்குறதுன்னே எனக்குத் தெரியாது. ஆனாலும் தாய்மாமன்னு ஒருத்தன் உயிரோட இருக்கச்சில நாலு புத்தி சொல்லாட்டா ஊரு என்ன சொல்லும்? கேட்டுக்கோ.

இந்தத் தொழிலிலே மண்டையை உடைச்சுக்கிட்டுத் தேறினவங்க செட்டிநாட்டுக்காரங்க. பர்மாவுக்குப் போயி வட்டிக்கடை வச்சாங்க. வந்த காசிலே பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடின்னு கப்பல் கப்பலாகக் கொண்டாந்து, ஒரு தெருவிலே தலைவாசலும் அடுத்த தெருவிலே பின்வாசலுமா வீடு கட்டினாங்க. தரைக்கு மட்டும் பக்கத்து ஊரு ஆத்தங்குடிக் கல்லு. 1930-கள்லே நெல்லு விலை விழுந்துது. கடன் வாங்கின பர்மா விவசாயி திருப்பிக் கொடுக்க முடியாமப் போக, கீழ்ப் பர்மாவிலே நெல்லு விளையுற நிலத்திலே கால்வாசி செட்டியார்மாரு கையிலே வந்து சேர்ந்துது. சிரிக்காதே, அங்கதான் சனி பிடிச்சுது. 1942-லே ஜப்பான்காரன் வந்தான், இவங்க ஓடி வந்தாங்க. 1948-லே பர்மா அரசாங்கம் நிலத்தை எல்லாம் தேசியமயமாக்கச் சட்டம் போட்டுது. சொத்து போச்சு, இங்க வீடு மட்டும் நின்னுது.

பொறவு நடந்ததுதான் வேடிக்கை. ஓடு மாத்தக் காசில்லை. மழை உள்ள வந்துது. ஒருத்தன் நெலைக்கதவைப் பேத்து வித்தான், இன்னொருத்தன் தூணை வித்தான். காரைக்குடியிலே அதுக்குன்னே பழஞ்சாமான் கடைத்தெரு ஒண்ணு உண்டாச்சு. அந்தக் கதவு எங்க போச்சுங்கியா? பட்டணத்து ஹோட்டல்லே ‘பாரம்பரியச் சூழல்’ காட்ட வாங்கிட்டுப் போனானுவ. வீட்டைக் கொன்னு ஹோட்டலுக்கு நகை போட்ட கதை இது. நீயும் மேல்நடைக் கதவுக்கு விலை கேட்டு வச்சிருக்கியாமே? நல்லா வில்லு. வர்ற விருந்தாளிக்கு, “இங்க ஒரு கதவு இருந்துது”ன்னு சுவரைக் காட்டு. அதுக்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கிடலாம்.

ஆனா எல்லாரும் உன்னைப் போலப் புத்திசாலி இல்லை பாரு. காரைக்குடியிலே ‘பங்களா’ன்னு ஒண்ணு. ஒரு குடும்பம் விருந்தாளிகளை உபசரிக்கக் கட்டின இடம். மீனாட்சி மெய்யப்பன்னு ஒரு ஆச்சி 1999-லே அதை விடுதியாக்கி, செட்டிநாட்டுச் சமையலையே மூலதனமாப் போட்டாங்க. கானாடுகாத்தானிலே ராமநாதன் செட்டியார் மக விசாலாட்சிக்காகக் கட்டின வீடு இன்னைக்கு ‘விசாலம்’. கொத்தமங்கலத்திலே 1910-லே கட்டின சாரதா விலாஸை ரெண்டு பிரெஞ்சுக்காரக் கட்டடக் கலைஞர்கள் எடுத்துப் பழுது பார்த்தாங்க. 2014-லே யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியலிலே செட்டிநாட்டுக் கிராமங்கள் பேரும் ஏறிச்சு. உதய்ப்பூர் மகாராணா ஏரிக்குள்ள இருந்த அரண்மனையை 1963-லேயே ஹோட்டலாக்கிட்டாரு. ஸ்பெயினிலே அரசாங்கமே 1928-லேருந்து பரடோர்னு விடுதி நடத்துது. அதிலே பலது பழைய கோட்டை, பழைய மடம். ராஜாவும் அரசாங்கமும் செஞ்ச வேலை, நீ செஞ்சா கொறைச்சலில்லை.

சரி, பூச்சுக்கு சிமெண்ட் மூட்டை இறக்கியாச்சுன்னு சொன்னானுவ. ஆகா! சுண்ணாம்புக் காரையிலே கட்டின சுவரு மழைக்காலத்திலே ஈரத்தை இழுத்து, வெயில் வந்ததும் வெளியே விட்டுரும். அதுக்கு மேல சிமெண்டைப் பூசினா ஈரம் உள்ளேயே கிடந்து புழுங்கி, ஒரு நாள் பூச்சோட பொத்துன்னு விழும். விருந்தாளி தலையிலே விழுந்தா அதுவும் ஒரு பாரம்பரிய அனுபவம்தானே. அந்தக் காலத்து ஆளுவ சுண்ணாம்பை ஊறப்போட்டு, அரைச்சு, முட்டை வெள்ளைக்கருவும் சேத்துப் பூசினது முட்டை மலிவுன்னா? பொறுமை இருந்துது மக்கா, அதான். நமக்கு வருஷத்திலே ரெண்டு மழை. மொதல்ல ஓடு, பொறவு உத்திரம், கடைசியிலேதான் ஏசி.

அதைவிடப் பெரிய பொத்தல் ஒண்ணு இருக்கு. நம்ம பக்கத்திலே மருமக்கள்வழி, அதாவது சொத்து அக்கா தங்கச்சி பிள்ளைங்களுக்குப் போற வழக்கம், இருந்த வரைக்கும் வீடு ஒரு கை ஆட்சி. 1926-லே நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து, சொத்து மக்களுக்கும் உண்டுன்னு ஆச்சு. நியாயந்தான், பொண்டாட்டி பிள்ளைங்க தெருவிலே நிக்கப்பிடாதுலா? ஆனா அப்பவே பாகம் பிரிக்க ஆரம்பிச்சு, பத்தாயம் ஒருத்தனுக்கு, அரங்கு ஒருத்தனுக்கு, அங்கணம் அத்தைக்குன்னு ஆச்சு. பத்மநாபபுரம் அரண்மனையைப் பாரு. 1956-லே நிலம் தமிழ்நாட்டுக்கு வந்துது, அரண்மனை மட்டும் கேரள அரசு கையிலே. ரெண்டு ராஜ்ஜியம் சண்டையில்லாம ஒரு வீட்டைக் காக்குது. உங்க அண்ணன் தம்பிமாரு ஒரு கெணத்துக்கு மூணு வாளி போட்டிருக்கேளே!

ஹோட்டலுக்கு ஒரு வரலாறும் எழுதி வச்சிருக்கியாம், மார்த்தாண்ட வர்மா ஒளிஞ்சிருந்த வீடுன்னு. இந்த ஜில்லாவிலே அவரு ஒளியாத வீடே கிடையாது மருமகனே. இத்தனை இடத்திலே ஒளிஞ்சவரு எப்போ ராஜ்ஜியம் ஆண்டாரோ! நம்ம ஓட்டைத் திருப்பிப் பாத்தியா? மங்களூர் முத்திரை கிடக்கு. பாசல் மிஷன்காரங்க மங்களூரிலே ஓடு சுட ஆரம்பிச்சது 1865-லே. மகாராஜா காலமானது 1758-லே. எவனாவது படிச்ச விருந்தாளி வந்தா உன் மானம் கூரையேறிரும். பொய் எதுக்குடே? இங்க பேச்சிப்பாறையிலே மிஞ்சின் துரைன்னு ஒரு வெள்ளைக்கார இஞ்சினீரு, மூலம் திருநாள் மகாராஜா காலத்திலே அணை கட்டினாரு. 1897-லே தொடங்கி 1906-லே முடிச்சாங்க. அவரு கல்லறையும் அணைப் பக்கத்திலேதான் இருக்கு. அந்தத் தண்ணி பாஞ்ச வயலிலே விளைஞ்ச நெல்லுதான் நம்ம வீட்டுப் பத்தாயத்தை நிறைச்சுது. இதை எழுதி மாட்டு. உண்மைக்கு வாடகை கொறையாது.

முற்றத்தைத் தோண்டி நீச்சல் குளம் வெட்டணும்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கான். இங்க நாப்பத்தெட்டு அடி அணை கிடக்கு, உனக்கு முற்றத்திலே நாலடிக் குளமா? வெளிச்சமும் காத்தும் அந்த முற்றம் வழியாத்தான் வீட்டுக்குள்ள வருது. அதை மூடினா அப்புறம் கரண்ட் பில்லு வரும். சாப்பாட்டுக்கு நூடுல்ஸ் போடாதே. உளுந்தஞ்சோறு, எரிசேரி, மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் போடு. சமைக்கப் பக்கத்து வீட்டு அக்காமாரைக் கூப்பிடு, சம்பளத்தை ஒழுங்காக் கொடு. ஊருக்கு ஒண்ணும் கிடைக்காத ஹோட்டலுக்கு ஊரு வழி சொல்லாது.

கடைசியா ஒரு சின்ன விஷயம். ஹோட்டல் லைசென்ஸுக்கு எல்லாப் பங்குக்காரனும் கையெழுத்துப் போடணும்னு சொன்னானுவ. உங்க அம்மைக்கு அண்ணன்ங்கிற முறையிலே எனக்கும் அதிலே ஒரு பங்கு உண்டு, மறந்துட்டியோ? பேனாவை நானே வச்சிருக்கேன். சிமெண்ட் மூட்டையைத் திருப்பி அனுப்பு, கதவுக்கு வாங்கின அட்வான்ஸைக் கொடுத்துத் தீரு, ஆடி மழைக்கு முந்தி ஓட்டை மாத்து. பொறவு பத்திரத்தைக் கொண்டா, போடுகேன்.