உம்மைக் குறி உபத்திரவம்: ஓர் ஆராய்ச்சி

வலைப்பக்கத்தின் தலையில் நிற்கும் ஆவண வகைப் பிரகடனம், அதாவது டாக்டைப் என்று தொழில்காரர் வழங்கும் அந்த ஒற்றை வரி, வாசகர் கண்ணில் ஒருநாளும் படாததேயாயினும், அதை மாற்றிய மாத்திரத்தில், அதன் நிழலில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடந்த பிழைகள் யாவும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் என்னும் உண்மையை, போர்ட் பிளேர் அபர்டீன் பஜாருக்கு அருகே விடுதி நடத்தும் நண்பரொருவரின் பக்கத்தைச் செப்பனிடப் புகுந்தபோதுதான் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

அப்பக்கம், வலைப்பக்கங்களை எழுதும் மொழியாகிய எச்டிஎம்எல்லின், 1999 டிசம்பரில் வெளியான 4.01 விதியின்படி, அதிலும் தாராள மனம் படைத்த டிரான்சிஷனல் பிரிவின்படி எழுதப்பட்டது. அடுத்த மாதமே பிறந்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 மிகுந்த ஆசாரம் உடையது. டேக் என்னும் கட்டளைகளின் பெயர்கள் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும், திறந்ததை மூட வேண்டும், மதிப்புகள் மேற்கோள் குறிக்குள் அடங்க வேண்டும். நண்பருக்கு அவ்வாசாரத்தில் மோகம். முதல் வரியை மாற்றி, பக்கம் விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் வேலிடேட்டரிடம் கொடுத்தேன். பிழைகளின் ஜாபிதா திரையைத் தாண்டி ஓடிற்று. அவற்றுள் பல, மூடாமல் விட்ட ஒரே டேக்கின் புத்திர பௌத்திரர்களேயாதலால், தலைப்பிழையை மட்டும் தீர்த்து மறுபடி சோதிப்பதே விவேகம்.

ஏனைய பல தீர்ந்த பின்னும் ஒன்று தீரவில்லை. அது தீவுகளின் பெயரிலேயே இருந்தது.

அந்தமானையும் நிக்கோபாரையும் ஆங்கிலத்தில் 'ஏ & என்' என்று சுருக்கி எழுதுவது அங்கே அலுவலகக் கோப்பு முதல் கடைப்பலகை வரை வழக்கம். இடையில் சுருண்டு கிடக்கும் குறி, லத்தீனில் 'உம்' எனப் பொருள்படும் சொல்லின் இரண்டெழுத்துகள் பின்னிப் பிறந்தது. இருபுறமும் இடம்விட்டு எழுதியவரை 4.01 அதைப் பொறுத்துக்கொண்டது. எக்ஸ்எச்டிஎம்எல்லிலோ அக்குறி ஒரு ரகசியச் சொல்லின் வாயிற்கதவு, கதவைத் திறந்தவன் சொல்லைச் சொல்லி அரைப்புள்ளியால் அடைக்காவிட்டால் அபராதம். பக்கத்தை மெய்யாகவே எக்ஸ்எம்எல் என்று அனுப்பினால், உலாவி அவ்விடத்திலேயே நின்று, விடுதியைக் காட்டுவதற்குப் பதிலாகப் பிழையைக் காட்டும். பூகோளத்தில் இரு தீவுக்கூட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்து டிகிரிக் கால்வாய் கிடக்கிறது. கப்பல்கள் அனாயாசமாகக் கடக்கும் அவ்விடைவெளியைக் கடக்க மாட்டாமல் ஒரு வலைப்பக்கம் கவிழ்வதைப் பூகோள சாஸ்திரிகள் இதுவரை கவனித்ததாகத் தெரியவில்லை. பிராயச்சித்தம் எளிது: குறியை அடுத்து ஏ, எம், பி என்னும் மூன்றெழுத்தும் அரைப்புள்ளியும் இட வேண்டும்.

ஆனால் அதே பக்கத்தின் தமிழ்ப் பகுதியில் இப்பிழை எழவேயில்லை. 'அந்தமான் நிக்கோபார்' என்பது, இராப்பகல் போலவும் சேர சோழ பாண்டியர் போலவும், உம்மைத்தொகை. 'உம்' மறைந்து நின்றே பொருள் தருவது. தொகைநிலைத் தொடர்களை ஆறாக வகுத்த நன்னூலார் வேலிடேட்டரை மனத்திற்கொண்டு வகுத்தார் என்று நான் சாதிக்க வரவில்லை; அப்படிச் சாதிப்பவர் நம்மில் விரைவில் தோன்றுவார்.

இந்த மகிழ்ச்சியில் நான் இருக்கையில், எக்ஸ்எச்டிஎம்எல் பழசாகிவிட்டது என்று எவரோ நண்பரின் காதில் போட்டுவிட்டார்கள். 2014 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற எச்டிஎம்எல் 5-க்கு முதல் வரியை மீண்டும் மாற்றினேன். இடம்விட்டு எழுதிய சுருள்குறியை அது மன்னித்தது. ஆனால் முன்னிருந்த விதிகள் பொறுத்திருந்த சென்டர், ஃபான்ட் என்னும் டேக்குகளை வழக்கொழிந்தவை என்று தள்ளியது. இருந்தும் உலாவி அவற்றை வழக்கம்போல் காட்டிக்கொண்டுதானிருந்தது. தீவுகளிலும் இதே கதைதான்: 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் துவீப் ஆனது, 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆனது; ஆயினும் ஹேவ்லாக் என்று கேட்பவரைப் படகுக்காரர் திருப்பி அனுப்புவதில்லை, விமானச் சீட்டிலும் ஐஎக்ஸ்இசட் என்ற பழைய குறியீடே இருக்கிறது. உலாவி படகுக்காரர் ஜாதி. வேலிடேட்டர் குமாஸ்தா ஜாதி.

சென்டரையும் ஃபான்டையும் நடைத்தாளுக்கு மாற்றி, மிஞ்சிய ஒற்றைப் பிழையை நண்பரிடம் காட்டினேன். எந்த விதிநூலும் ஒருநாளும் ஏற்காத மார்க்கீ அது. படகு நேர மாற்றத்தைச் சொல்லிக்கொண்டு வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் படகு ஓடுகிறதா இல்லையா என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.