ஈ வட்டத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பி.காம். பட்டதாரி ஒருவன்,
கெங்கவல்லி, சேலம் மாவட்டம்.
(தொழில்: ஈ ஓட்டுதல்)

பெறுநர்:
உயர்திரு மனிதவள மேலாளர் அவர்கள்,
பெயர் சொல்லி விளம்பரம் தர நான் விரும்பாத ஒரு நிறுவனம்,
சேலம்.

பொருள்: கணக்கு உதவியாளர் வேலை கேட்டு வந்தவனுக்கு, தண்ணீர் வைத்ததற்கான அனுபவச் சான்றிதழ் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கடந்த திங்கட்கிழமை காலை 11.40க்குத் தங்கள் அறையில் நடந்த நேர்முகத் தேர்வு. 2. அதே நாள் மதியம் 2.15க்குத் தங்கள் மேஜையில் நான் வைத்த நான்கு டம்ளர் தண்ணீர்.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஐயா,

தாங்கள் நலம், தங்கள் அறையின் ஏ.சி.யும் நலம் என்று நம்புகிறேன்.

முதலில் தண்ணீர் விஷயத்தைப் பேசித் தீர்த்துவிடுவோம். அன்று காலை தங்கள் முன்னால் நாலு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மதியம் எதிர்ச்சாரியில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் கை கழுவிவிட்டு வருகிறேன், தாங்கள் மூன்று பேரோடு உட்கார்ந்து இலையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அடையாளம் தெரிந்துவிட்டது, ‘நாளையிலிருந்து வந்துடுப்பா’ என்று சொல்லப்போகிறீர்கள் என்று மனசு ஒரு நொடி துள்ளியது. “தம்பி, இங்க நாலு தண்ணி” என்றீர்கள்.

தப்பு என் மேல்தான். நேர்முகத் தேர்வு என்றால் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், டக்-இன் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கடை சூப்பர்வைசருக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேறு யாரையாவது சொல்கிறீர்களோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. ஜக்கை எடுத்தேன். நாலு டம்ளரையும் நிரப்பினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. “சாம்பார் கொஞ்சம் சீக்கிரம்” என்றீர்கள். அதையும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் என் இலைக்கு வந்தேன். கிளம்பும்போது தோளைத் தட்டி, ஒரு இருபது ரூபாய் நோட்டை என் சட்டைப் பையில் செருகினீர்கள். அதே பையில்தான் ஐயா, தங்கள் அலுவலகத்தில் திருப்பித் தர மறந்த ‘விசிட்டர்’ அட்டையும் இருந்தது.

“சார், நான் காலையில் வந்தவன்” என்று வாயைத் திறந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், என் விடை ஈ.

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதியவர்களுக்கு ஈயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தாங்கள் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். ஏ, பி, சி, டி நான்கும் விடைகள். ஐந்தாவது ஈ, அதற்குப் பொருள் ‘விடை தெரியவில்லை’. தெரியாத கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வரக்கூடாது. தெரியாது என்பதையும் கறுப்பு மையால் வட்டம் நிரப்பித்தான் சொல்ல வேண்டும். நான் எழுதியபோது, கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை, ஈ எத்தனை என்று எண்ணி எழுதித் தர வேண்டியிருந்தது. தனக்குத் தெரியாததைக் கூட்டிக் கணக்குக் காட்டுவது. பி.காம். படித்ததற்கு அங்கே ஒன்றுதான் பயன்: என் கூட்டல் தப்பியதில்லை.

2022 ஜூலை 24 அன்று நடந்த அந்தத் தேர்வுக்கு அறிவித்திருந்த இடங்கள் 7,301. எழுதியவர்கள் 18 லட்சத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு நாற்காலிக்குச் சுமார் 250 பேர். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற தேர்வு அது. என் முன் பெஞ்சில் எம்.எஸ்சி., பின் பெஞ்சில் பி.இ. வெல்ல மண்டியில்கூட அப்படி ஈ மொய்த்து நான் பார்த்ததில்லை.

போகட்டும். தங்கள் நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன். காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். கெங்கவல்லியில் ஐந்தரைக்கு பஸ் ஏறி, ஆத்தூரில் மாறி, சேலத்தில் இறங்கி, எட்டரைக்கே தங்கள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். 11.40க்கு அழைத்தது தங்கள் பெருந்தன்மை. என் விண்ணப்பத்தை முதல் முறையாகப் புரட்டி, “அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்குறீங்க?” என்று கேட்டீர்கள். அந்த மூன்று மணி நேரத்தில் ஐந்து நிமிடம் கழித்து நான் எங்கே இருப்பேன் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மேஜையில் வட்டம் இருந்திருந்தால் நிரப்பியிருப்பேன். வாய்வழித் தேர்வு என்பதால், “தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்கெடுத்து” என்று இழுத்தேன். அது என் வாசகம்கூட இல்லை. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடை அண்ணன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ‘பயோடேட்டா’ வைத்திருக்கிறார். கெங்கவல்லி வட்டாரத்தில் வேலை தேடும் அத்தனை பேரும் அதன் ஈயடிச்சான் காப்பிதான். எல்லோருக்கும் ஒரே லட்சியம், ஒரே பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல், புதிய நண்பர்களோடு பழகுதல். அவசரத்தில் ஒருவனுக்கு அப்பா பெயரை மாற்ற மறந்துபோய், அவன் வேறொருவர் மகனாகவே இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. தங்களைப் போன்றவர்களின் கூர்மை மீது எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

“ரெண்டு வருஷம் அனுபவம் இருந்தா நல்லாருக்கும்” என்றீர்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. “சொல்லி அனுப்புறோம்” என்றீர்கள். வணங்கிவிட்டு வந்தேன். மீதிக் கதை தண்ணீரோடு முன்பே சொன்னதுதான்.

தங்கள் இருபது ரூபாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் பட்டதாரிக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. மாதம் 600 ரூபாய், மூன்று வருடத்துக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பதிந்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். எனக்கு நாலுதான் ஆகிறது. அதாவது சும்மா இருப்பதற்குக்கூட எனக்கு இன்னும் ஒரு வருட அனுபவம் குறைகிறது. சரி, அடுத்த வருடம் கிடைத்தது என்றே வையுங்கள். 600ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு இருபது ரூபாய். ஒரு பட்டதாரி காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை வேலையில்லாமல் இருப்பதற்கான தொகையை, நாலு டம்ளர் தண்ணீருக்கே தாங்கள் கொடுத்துவிட்டீர்கள். தங்கள் தாராளத்தை என்னவென்று சொல்வது?

என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்கு விலை விழுந்த வருடத்தில் அம்மாவின் தோட்டை அடகு வைத்து என் அப்பா எனக்கு ஃபீஸ் கட்டினார். பட்டம் வாங்கிய அன்று ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தார். அந்த மனுஷன் இன்றைக்கும் சேகோ ஆலைக்குக் கிழங்கு லோடு ஏற்றிவிட்டு வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். கேட்டால்கூடத் தாங்கும். நீ யாருய்யா என் பையில் நோட்டைச் செருக? மூன்று மணி நேரம் உட்கார வைத்தாயே, முகத்தையாவது பார்த்தாயா?

மன்னிக்க வேண்டும். பேனா வழுக்கிவிட்டது. தாங்கள் என்றும் தாங்கள்தான்.

எங்கள் ஊரைப் பற்றியும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே வேலையே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சேகோ ஆலையில் சீசனுக்கு ஆள் எடுப்பார்கள். நாமக்கல் பக்கம் போனால் கோழிப்பண்ணையில் முட்டைக் கணக்கு எழுதலாம். போய்ப் பார்த்தேன், அங்கே ஏற்கெனவே ஒரு பி.இ. எண்ணிக்கொண்டிருக்கிறார். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் ஏறினால் வடநாடு முழுக்கப் பூமியைத் துளைத்துவிட்டு வரலாம். என் மாமா பையன் அப்படித்தான் போனான், தீபாவளிக்குத் தீபாவளி வருகிறான். தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சேலத்து ஜவ்வரிசிக்கும் கிடைத்திருக்கிறது. இந்த மண்ணில் விளைந்த பி.காம். ஒன்றுக்குத்தான் இன்னும் ஒரு குறியும் விழவில்லை.

ஊருக்குள் நடந்தாலும் தேர்வுதான். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கல்யாணப் பந்தியில் இலை போட்டு அப்பளம் வருவதற்குள், பக்கத்து இலைக்காரர் வினாத்தாளைப் பிரித்துவிடுவார். “தம்பி இப்ப என்ன பண்ணுது?” (ஏ) மேலே படிக்கிறது. (பி) எக்ஸாமுக்குப் படிக்கிறது. (சி) சொந்தமாக ஏதோ பண்ணுது. (டி) வெளிநாட்டுக்குப் பார்க்கிறது. நாலையும் நாலு பந்தியில் சொல்லிவிட்டேன். நாலு பேரும் ஒரு நாள் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் மொய் வைத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுகிறேன். பாயசத்தில் ஈ விழுந்தால் எடுத்துப் போடலாம். பந்தியில் ஈ உட்கார்ந்தால் எல்லோரும் அதையேதான் பார்க்கிறார்கள்.

தங்கள் அறைக்கு வெளியே போட்டிருக்கும் அந்த இரும்பு பெஞ்சுக்கு மட்டும் நான் உண்மையாகவே நன்றி சொல்ல வேண்டும். என் பயோடேட்டாவில் ஜெராக்ஸ் அண்ணன் எழுதிய ‘புதிய நண்பர்களோடு பழகுதல்’ அங்கேதான் மெய்யானது. வேலை தேடுகிறவன்போல வேகமாக நட்பாகிறவன் உலகத்தில் இல்லை. “எந்த ஊரு?”, “என்ன படிச்சீங்க?”, “உள்ள என்ன கேட்டாங்க?” மூன்றே கேள்வியில் நம்பர் வாங்கிவிடுவோம். வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுவோம். என் போனில் இப்படி ஏழு குழுக்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயரே ‘ஈ வட்டம்’. யாருக்காவது வேலை கிடைத்தால் ‘வாழ்த்துகள் நண்பா’ என்று அத்தனை பேரும் போடுவோம். ஒரு வாரத்தில் அவன் குழுவை விட்டு வெளியேறுவான். நாங்கள் கோபப்படுவதில்லை. கரையேறியவன் திரும்பிப் பார்த்தால் கால் வழுக்கும்.

அப்படி ஒருவன் கரையேறியதற்கு ஆத்தூரில் ட்ரீட் வைத்தான். ட்ரீட் என்றுதான் சொன்னான், சாப்பிட்டு முடித்தபிறகு ‘ஆளுக்கு 280, ஜிபே பண்ணிடுங்க’ என்றும் சொன்னான். எனக்கு இது முன்பே தெரியும் என்பதால் வீட்டில் இரண்டு களி உருண்டையை முழுங்கிவிட்டுத்தான் போயிருந்தேன். எல்லோரும் பிரியாணி சொன்னபோது நான் ஒரு லெமன் சோடா சொன்னேன். “ஏன்டா?” என்றார்கள். “சனிக்கிழமை விரதம்” என்றேன். அன்று வியாழக்கிழமை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த வீரகனூர்க்காரன் மட்டும் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு கறியைப் பேசாமல் என் சோடா பாட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். அவனுக்கும் வேலை இல்லை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். அந்தச் சாப்பாட்டுக் கடையில் தாங்கள் போனபிறகு, உண்மையான சர்வர் என்னிடம் வந்தார். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பாலிடெக்னிக் முடித்தவராம். இருபது ரூபாயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நியாயமாக அது அவருடையது. வாங்கவில்லை. “வச்சுக்கங்க ப்ரோ, பஸ்ஸுக்கு ஆகும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஓனர் ஆள் தேடிக்கிட்டு இருக்காரு. ரெண்டு வேளை சாப்பாடு போட்டு, மாசம் பதினாலாயிரம். உங்க கை நடுங்கல, நானே பாத்தேன்” என்றார். தங்கள் நிறுவனம் கணக்கு உதவியாளருக்குச் சொன்ன சம்பளம் பன்னிரண்டாயிரம். சாப்பாடு கிடையாது.

எனவே, நான் தண்ணீர் வைத்தேன், சிந்தாமல் வைத்தேன், சாம்பாரைத் துரிதப்படுத்தினேன் என்று தங்கள் முத்திரையோடு ஒரு சான்றிதழ் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நாலு வருடத்தில் நான் பெற்ற ஒரே அனுபவம் அது. சாட்சியும் தாங்களே.

இன்னொன்றும் உண்டு. அது பகடி இல்லை.

எங்கள் விடைத்தாளில் ஒரு வட்டத்தைக்கூட வெறுமனே விட எங்களுக்கு அனுமதி இல்லை. தெரியாததைத் தெரியாது என்றாவது நாங்கள் சொல்லியாக வேண்டும். தாங்கள் மட்டும் ‘சொல்லி அனுப்புறோம்’ என்று எங்களையெல்லாம் வெறும் வட்டமாக விட்டுவிடுகிறீர்கள். போன் அடிக்கும்போதெல்லாம் என் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருந்தாலும் பார்க்கிறாள். வேலை தர முடியாவிட்டால் குற்றமில்லை. ‘இல்லை’ என்று ஒரு குறுஞ்செய்தி போடுங்கள். மூன்றே எழுத்து. அன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினேழு பேருக்கும் போடுங்கள். முடிவு செய்யவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள். அதற்கும் ஒரு வட்டம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
கெங்கவல்லிக்காரன்

இணைப்பு: ‘விசிட்டர்’ அட்டை 1. (இருபது ரூபாய் இணைக்கப்படவில்லை. ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி வந்த பஸ்ஸுக்கு அது ஆகிவிட்டது.)