சுங்கை பெசார் – சென்னை இடைத்தொலைவு: ஒரு முன்னோட்ட ஆய்வு

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழியில் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர், பறக்க நான்கு மணி நேரம் என்று முன்னோர் எழுதி முடித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் சுங்கை பெசாரிலிருந்து புறப்பட்டவர் அல்லர் என்பது முதல் வரியிலேயே தெரிகிறது.

தொலைவு மூவகைப்படும். அவை கடல்வழி, வான்வழி, சாலைவழி என்ப.

கடல்வழி: இவ்வழி ஓடிய ரஜூலா கப்பல் ஓய்வு பெற்றுவிட்டது. மேலே செல்வோம்.

வான்வழி: காலை 9 மணிக்குச் சிப்பாங்கில் கிளம்பும் விமானம் 10.30க்குச் சென்னையில் இறங்குகிறது. அங்கிருந்து 11 மணிக்குத் திரும்பினால் இங்கே மாலை 5.30. ஆகவே போகும் தொலைவு ஒன்றரை மணி, வரும் தொலைவு ஆறரை மணி. இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் என்று பள்ளிப் பிள்ளைகள் விளக்கம் சொல்வார்கள். எளிதில் புரிந்துவிடுவதால் அவ்விளக்கம் ஆய்வுலகில் செல்லாது.

சென்னை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு, சபா சரவாக்கோடு நேரம் ஒத்துப்போவதற்காகத் தீபகற்ப மலேசியா 11.30 மணியை 12 ஆக்கிற்று. அதுவரை இந்தியாவோடு வித்தியாசம் இரண்டு மணிதான். ஒரே இரவில் சென்னை, போவோருக்கு அரை மணி கிட்டவும் வருவோருக்கு அரை மணி எட்டவும் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த அரை மணி எங்கே போயிற்று? பால்மரம் அரசாணை படிப்பதில்லை. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். எனவே அது தோட்டத்து விடியல் இருட்டில்தான் ஒளிந்திருக்கிறது (அத்தை, வாய்மொழி). விடியற்காலையில் ஆளெண்ணும் பெரட்டு நேரத்தைத் தள்ளி வைத்திருந்தால் இருட்டு பழைய அளவே இருந்திருக்கும் (அத்தை, திருத்திய பதிப்பு, மாமாவின் குறுக்கீட்டுடன்). மாமா பெரட்டுக்கு நேரத்தில் போனதே இல்லை, அவருக்கு என்ன தெரியும் (அத்தை, மூன்றாம் பதிப்பு, மாமாவின் மறுப்புரை, அம்மறுப்புக்குச் 'சும்மா இருங்க' என்னும் சிற்றுரை, பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அப்பாலிருந்து அருளிய பேருரை ஆகியவற்றுடன், கடைசி ஏடு கோழி கொத்தியதால் சிதைவு).

ஒரு நூலின் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னே இழுத்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கும் அறிஞர்கள் இந்த அரை மணியைக் கண்டுகொள்ளாதது வியப்பே. 1987இல் ஆறாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. தொலைந்து ஆறாண்டுகூட ஆகாத பொருளைத் தேட நல்ல வாய்ப்பு. வரவேற்புரையில் அதைப்போல் எத்தனை அரை மணி போயிற்றோ, யாம் அறியோம்.

சாலைவழி: கூட்டரசு சாலை 5. செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், கிள்ளான் என்று ஊர்கள் நகர்கின்றன, வண்டி நகர்வதில்லை. முன்னால் செம்பனைக் குலை லாரி, அதற்கும் முன்னால் வயலுக்கு வயல் மாறும் அறுவடை இயந்திரம். கோடாலித் தைலம் வாங்க ஒரு நிறுத்தம். கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது என்னும் விவாதத்துக்கு இன்னொன்று. மொத்தம் மூன்று மணிக்குக் குறையாது. 1998இல் விமான நிலையம் சுபாங்கிலிருந்து சிப்பாங்குக்கு இடம்பெயர்ந்தபோது, 1982இல் நமக்குக் கிடைத்த அரை மணியும் வட்டியோடு போய்விட்டது.

முடிவு: சிப்பாங்குக்குச் சுங்கை பெசாரைவிடச் சென்னையே ஒன்றரை மணி அருகில் உள்ளது. திரும்பி வருவோருக்கு இம்முடிவு பொருந்தாது. அவர்கள் தனியே ஆய்வு செய்துகொள்க.

பெட்டியின் எடையையும் மைலோ டின்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடும் இயல், அத்தை அனுமதி தராமையால் நீக்கப்பட்டது.